சத்தம் போடாத பிள்ளை

முல்லைக்குக் காது குத்தியபோது அவள் ஊரைக் கூட்டி அழுதாள். தாய்மாமன் நகுலன் மடியில் உட்கார்ந்து, காலை உதைத்து, ஆசாரியின் கண்ணாடியைத் தட்டிவிட்டு, ஒரு வயதுப் பிள்ளை எப்படி அழ வேண்டுமோ அப்படி அழுதாள். இரண்டு காதிலும் தோடு ஏறியது. நகுலன் தன் செல்போனில் எதையோ தட்டினான். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றுவிட்டது. பிள்ளை திகைத்துப் போய், வாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள். மாமன் மடி ராசி என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தத் தோடு மாமன் சீர். பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, பழத்தட்டுகளுக்கு நடுவில் ஒரு சின்ன வெல்வெட் பெட்டியில் வந்தது. சாந்தத் தோடு என்று பெயர். அதிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு கம்பி காதுத் துவாரத்துக்குள் போகும். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால், அந்தக் குரல் பிள்ளையின் காதில் விழாது. பெரியவர்களின் கத்தல் பிஞ்சு மூளையைக் கெடுக்கிறது என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். கோவையில் படித்தவர்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளெல்லாம் இந்தத் தோடுதான் போட்டிருந்தார்கள். பையன்களுக்கு இதே வேலையைச் செய்யும் கடுக்கன்.

நான் முல்லையின் அப்பா கவினுக்கு அக்கா. பெயர் ரேணுகா. ஈரோட்டில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணம், குடும்பம் என்று எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அதனால் அடுத்தவர் குடும்பத்தில் மூக்கை நுழைக்க எனக்கு நேரம் உண்டு என்று என் தம்பி சொல்வான். உண்மைதான்.

முல்லைக்கு நாலு வயது நடக்கும்போது அது நடந்தது. அவளுடைய அம்மா மிருதுளா வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். ஆபீஸ் கூப்பிட்டதும் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கதவு சரியாகப் பொருந்தவில்லை. காற்று அழுத்துகிறது என்று நினைத்து இன்னொரு முறை அழுத்திச் சாத்தினாள். பிறகு கதவில் சாய்ந்து நின்றபடி ஆபீஸ்காரர்களோடு பேசினாள். கீல் பக்கத்து இடுக்கில் முல்லையின் விரல் இருந்தது. பிள்ளை கத்தவில்லை. ஒரு முனகல்கூட இல்லை. பேசி முடித்துக் கதவைத் திறந்தபோது தரையில் மயங்கிக் கிடந்தாள். விரலின் நுனியை டாக்டர்களால் காப்பாற்ற முடியவில்லை.

"நான் அங்கியேதான் நின்னேன் அண்ணி. கதவுக்கு இந்தப் பக்கந்தான் நின்னேன்." ஆஸ்பத்திரியில் மிருதுளா என் கையைப் பிடித்துக்கொண்டு இதையேதான் சொன்னாள். வேறு எதைக் கேட்டாலும் இதைத்தான் சொன்னாள்.

காது டாக்டர் பார்த்துவிட்டுக் காது நன்றாக இருக்கிறது என்றார். தொண்டை டாக்டர் தொண்டை நன்றாக இருக்கிறது என்றார். நரம்பிலும் கோளாறு இல்லை. வலி தெரிகிறது, கண்ணீர் வருகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. இந்தப் பிள்ளை அடுத்த முறை தண்ணீரில் விழுந்தாலோ, லிப்டில் மாட்டினாலோ யாருக்கும் தெரியாது. கவின் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் கூட இருந்து பாரக்கா. பேச்சு வராத பிள்ளைகளப் பத்தி உனக்குத்தான தெரியும்" என்றான். நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு சரவணம்பட்டியில் இருக்கும் அவர்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தேன்.

பேச்சு வராத பிள்ளையா அவள்? நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "அத்தை, தண்ணி கொண்டாரட்டுங்களா?" என்று கேட்டாள். பஞ்சு மாதிரிக் குரல். இட்லி வேண்டாம் என்பதைக்கூட, "எனக்குப் போதுங்கம்மா, வயிறு நெறஞ்சிருச்சு" என்று முழு வாக்கியமாகச் சொல்கிற பிள்ளை. அடம் இல்லை, பிடுங்கல் இல்லை. கீழே பூங்காவில் அவள் வயதுப் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடுகிறார்கள், ஊஞ்சல் கிரீச்சிடுவது மட்டும்தான் மாடிக்குக் கேட்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு அது பெருமை. எங்கள் பள்ளிக்கூடத்து மைதானமே இதைவிட இரைச்சலாக இருக்கும். காது கேளாத பிள்ளைகள் போடுகிற சத்தம் உங்களுக்குத் தெரியாது.

முதல் நாளே நான் ஒரு தப்புச் செய்தேன். எங்கள் பள்ளியில் தூரத்தில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிட வேண்டுமென்றால், முகத்தைக் காட்டி, குரல் இல்லாமல் உதட்டை மட்டும் பெரிதாக அசைத்துப் பேசுவோம். இருபது வருடப் பழக்கம். கூடத்தின் அந்தக் கோடியில் முல்லை படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் சமையலறை வாசலில் நின்று, "வா சாமி, மாம்பழம் சாப்பிடலாம்" என்று உதட்டால் கூப்பிட்டேன். பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. பென்சிலைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் கண்ணை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

சத்தத்துக்குப் பயந்த பிள்ளைகள் காதைப் பொத்தும். கண்ணைப் பொத்துகிற பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்று மத்தியானம் நகுலனுக்குப் போன் போட்டேன். அவன் அந்தத் தோடு செய்கிற கம்பெனியில்தான் இன்ஜினியர்.

"இந்தத் தோடு என்னதான் பண்ணுது? கேக்கறவளுக்குப் புரியற மாதிரி சொல்லு."

"அது சத்தத்த அடைக்கறதில்லீங்க. வர்ற சத்தத்துக்கு நேர் எதிரா இன்னொரு சத்தத்த காதுக்குள்ள விடும். ரெண்டும் மோதி ஒண்ணுமில்லாமப் போயிரும். மனுசக் குரல் மட்டுந்தான், அதுலயும் கத்தல் மட்டுந்தானுங்க."

"யாரு கத்துனா?"

"யாரு கத்துனாலும்."

"முல்லையே கத்துனா?"

"அதுவும் கத்தல்தானுங்களே. யார் வாயிலிருந்து வருதுன்னு அதுக்கென்ன தெரியும்? அவ அழுதா அவளுக்கே கேக்காது. அழுகை சீக்கிரம் நின்னுரும். அத ஒரு நல்லதாத்தான் விளம்பரத்துல போட்டிருந்தாங்க."

காது கேளாத கைக்குழந்தையும் முதலில் மற்றக் குழந்தைகள் மாதிரிதான் மழலை பேசும். தன் சத்தம் தனக்குத் திரும்பி வராததால் சில மாதங்களில் அது ஓய்ந்துவிடும். குரல் என்பது தொண்டையில் மட்டும் இருக்கிற பொருள் இல்லை, காது வழியாகத் திரும்பி வந்தால்தான் தங்கும். இது எங்கள் தொழிலில் பாலபாடம். நல்ல காதோடு பிறந்த ஒரு பிள்ளையை, அழுகை விஷயத்தில் மட்டும் செவிடாக்கி வைத்திருந்தார்கள். காதுகுத்து அன்று மாமன் மடியில் அவள் வாயைத் திறந்து திறந்து பார்த்தது எதைத் தேடி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நகுலனை என்னென்னவோ திட்டினேன். அவன் பாவம், "நல்லதுக்குத்தானுங்க குடுத்தேன்" என்று அழாத குறையாகச் சொன்னான்.

இதைக் கவினிடம் சாயங்காலம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். ஆனால் அவன் வந்ததும் வராததுமாகச் சண்டை தொடங்கிவிட்டது. மிருதுளாவுக்குப் பெங்களூரில் பெரிய வேலை ஒன்று வந்து, முல்லைக்காக அதை விட்டிருக்கிறாள். கவினும் வெளிநாட்டு வாய்ப்பு ஒன்றை அப்படியே விட்டவன். யார் விட்டது பெரிது என்பதுதான் அந்த வீட்டில் ஓயாத வழக்கு. கூடத்தின் நடுவில் நின்று, பிள்ளையின் தலைக்கு மேலேயே, வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டார்கள். நான் கண்ணைக் காட்டினேன். "அவளுக்கு ஒண்ணும் கேக்காதுக்கா" என்று கவின் எனக்குத் தைரியம் சொன்னான்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் சண்டை போடாதவர்கள் இல்லை. நாங்கள் தூங்கட்டும் என்று அடக்கி வைப்பார்கள். அடக்கி வைத்ததில் பாதி அதற்குள் ஆறிவிடும். இவர்களுக்கு அடக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. எதைச் சொன்னாலும் பிள்ளைக்குக் கேட்காது என்ற தைரியத்தில், சொல்லக் கூடாதது என்று ஒன்று அந்த வீட்டில் இல்லாமலே போயிற்று. முல்லை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்மா முகத்தையும் அப்பா முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து என் வாயையே பார்க்கிற பிள்ளைகளின் பார்வை அது.

மறுநாள் காலையில் இரண்டு பொம்மைகளை எதிரெதிரே உட்கார வைத்து அம்மா அப்பா விளையாட்டு விளையாடினாள். நான் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். "காபி குடிக்கறீங்களா?" "குடு கண்ணு." இவையெல்லாம் வாய்விட்டு வந்தன. அப்புறம் பொம்மைகள் எழுந்து நின்றன. முல்லையின் புருவம் நெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. உதடு மட்டும் வேகமாக அசைந்தது. துளி சத்தம் இல்லை.

உதட்டைப் படிப்பது எனக்குச் சோறு போடுகிற வேலை. எல்லாச் சொல்லும் பிடிபடாது, முன்னே பின்னே வைத்து ஊகிக்க வேண்டும். ஆனால் ஒரு வாக்கியத்தை அவள் இரண்டு பொம்மைக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தாள். மூன்றாம் முறை எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில், முல்லை தூங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, இருவரிடமும் சொன்னேன். தோடு அவள் அழுகையை விழுங்குகிறது என்பதைச் சொன்னேன். அவளுக்குத் தெரிந்த கோபம், வலி, பயம் எல்லாம் சத்தமில்லாத வாயசைப்புதான் என்பதைச் சொன்னேன். விரல் நசுங்கியபோது அவள் கூப்பிட்டிருப்பாள், பெரியவர்கள் எப்படிக் கத்துவார்கள் என்று பார்த்து வைத்திருந்தாளோ அப்படிக் கூப்பிட்டிருப்பாள் என்றேன். மிருதுளா தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"அப்ப நாங்க பேசறது அவளுக்குத் தெரியாதுல்ல? புரியாதுல்ல?" என்று கவின் கேட்டான். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட எனக்கு ஒரு நிமிடம் தோன்றியது.

"அவ பொம்மைக ஒண்ண ஒண்ணு பாத்து என்ன சொல்லுதுன்னு சொல்லட்டுமா? 'இவ மட்டும் இல்லீன்னா நான் என்னிக்கோ போயிருப்பேன்.'"

"நான் அப்படிச் சொல்லல" என்றான் கவின். "நீங்கதான் சொன்னீங்க" என்றாள் மிருதுளா. "நீ சொன்னதில்லையா?" என்றான் அவன். இருவருமே சொன்னதுதான், பல முறை சொன்னதுதான் என்பது அவர்கள் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. கவின் மேசையில் தலையை வைத்து அழுதான். என் தம்பி அழுது பார்த்து எத்தனையோ வருடம் ஆயிற்று, முதுகைத் தடவிக் கொடுக்கத்தான் முடிந்தது.

மறுநாள் காலையிலேயே மிருதுளா தோட்டைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கம்மல் போட்டுவிட்டாள். இனிமேல் இந்த வீட்டில் யாரும் குரலை உயர்த்துவதில்லை என்று இருவரும் எனக்கு முன்னால் முடிவெடுத்தார்கள். சொன்னபடி நடந்தும் காட்டினார்கள். அந்த விஷயத்தில் நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

குரலைத் திரும்பக் கொண்டுவருவது என் பொறுப்பு. லீவு முடிந்தும், சனிக்கிழமை தவறாமல் ஈரோட்டிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவேன். மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய், அவள் உள்ளங்கையை என் தொண்டையில் வைத்து, வானத்தைப் பார்த்து ஓவென்று கத்துவேன். பக்கத்து மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் இது ஏதோ கிறுக்கு என்று பார்ப்பார்கள். முல்லை என் தொண்டை அதிர்வதை அதிசயமாகத் தொட்டுப் பார்ப்பாள். அவள் முறை வந்ததும் வாயை அகலத் திறப்பாள், கழுத்து புடைக்கும், காற்று மட்டும் வரும். ஒருநாள் தப்பித் தவறி ஒரு சின்னக் கீச்சு வந்துவிட்டது. யார் அது என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"பயமா இருக்குதா சாமி?"

"அது நானுங்களா அத்தை?"

"நீதான்."

"எனக்கு அது வேண்டாங்க அத்தை" என்றாள், அதே பஞ்சுக் குரலில்.

நான் விடவில்லை. ஒரே ஒருமுறை அவள் வாய்விட்டுக் கத்தி, அதை நான் கேட்டுவிட வேண்டும், அப்புறம் அவள் எங்கே விழுந்தாலும் யாராவது ஓடி வருவார்கள் என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதே நினைப்பு. சாமி கும்பிடாதவள் நான், இதற்காகக் கும்பிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தோசை சாப்பிட்டு முடித்து, நான் ஊருக்குக் கிளம்பப் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். கவின் வந்து, "அக்கா, கொஞ்சம் உக்காரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றான். மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். முல்லை பக்கத்தில் தரையில் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"சண்டை ஒண்ணுமில்லக்கா. ரெண்டு பேரும் நெதானமாப் பேசித்தான் முடிவு பண்ணுனோம்" என்றான்.

"நான் பெங்களூர் போறேன் அண்ணி" என்றாள் மிருதுளா. குழந்தையைத் தூங்க வைக்கிறவள் குரலில் சொன்னாள். "பள்ளிக்கூட நாள்ல முல்லை இவர்கிட்ட இருப்பா. லீவுக்கு எங்கிட்ட வருவா. அவளுக்காகத்தான் நாங்க சேந்து இருக்கறோம்னு அவளுக்கே தெரிஞ்சு போச்சு. அந்தப் பாரம் அவளுக்கு எதுக்குங்க அண்ணி?"

"இனி யாரும் யாரையும் பாத்துக் கத்த வேண்டியதில்ல" என்றான் கவின். அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். ஒருவருக்கொருவர் அத்தனை மரியாதை. ஒரு சொல்கூட ஓங்கவில்லை. நான் அன்று அவர்களிடம் பொம்மை சொன்னதைச் சொன்னது இதற்காகவா? இந்தப் பேச்சைப் பழைய தோடு போட்டிருந்தாலும் அவள் கேட்டிருப்பாள். இவ்வளவு மெதுவாகப் பேசுவதை எந்தத் தோடும் தடுக்காது.

தரையில் பென்சில் உரசுகிற ஓசை நின்றிருந்தது. நான் திரும்பினேன். முல்லை எழுந்து நின்றிருந்தாள். வாய் திறந்தது. பழக்க தோஷத்தில் நான் அவள் உதட்டைத்தான் பார்த்தேன், உதட்டைத்தான் படித்தேன்.

போகாதீங்க. அம்மா போகாதீங்க. அப்பா போகாதீங்க. நான் போயிடறேன். நானே போயிடறேன்.

படித்து முடித்த பிறகுதான், அது என் காதிலும் விழுந்திருக்கிறது என்று எனக்கு உறைத்தது. மேசைமேல் டம்ளர் அதிர்கிற மாதிரிக் கத்தினாள். கிழிந்த, தடித்த, யாருடையதோ போன்ற குரல். எதிர்வீட்டில் கதவைத் திறக்கும் ஓசை கேட்டது. அந்த அடுக்குமாடியில் ஒரு பிள்ளை கத்திப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும். நான் எதற்காகக் கும்பிட்டேனோ அது கிடைத்துவிட்டது.

மிருதுளா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். இத்தனை நாள் கட்டிக் காத்த பழக்கம், கை தானாக எழுந்து உதட்டில் விரலை வைத்தது. "மெதுவா சாமி. மெதுவாச் சொல்லு. சத்தம் போடக் கூடாது."

முல்லை நல்ல பிள்ளை. சொன்ன பேச்சு கேட்பாள். குரல் அந்தக் கணமே அடங்கியது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

கவின் அவள் முகத்தைப் பார்த்தான், ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்த்தான். "என்னக்கா சொல்றா?"

"இப்பக் கத்துனாளே, அதையேதான் இன்னும் சொல்லிட்டு இருக்கறா. உங்க காதுல விழலியா?" என்றேன்.

அவர்கள் இருவரும் திரும்பியபோது முல்லை அங்கே இல்லை. வாசல் பக்கம் உட்கார்ந்து செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள், இடது வலது மாறி.